கிளையன்ட் தந்த வேலைய இன்னொராளிட்ட குடுத்து செய்விக்கலாமோ? சொல்லாம செய்தா சட்டப்படி பிடிபடுமோ?

வெள்ளவத்தை_கோடர்:

வணக்கம் எல்லாருக்கும். தனியாத்தான் ஃப்ரீலான்ஸ் செய்யுறன், வூகொமர்ஸில ஒன்லைன் கடை (ஸ்டோர்) கட்டுறது, அதுக்குப் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கிற சின்ன புரோகிராம்) எழுதுறது, இப்பிடியான வேலையள். கையில ரெண்டு கிளையன்ட். ஒண்டு மன்செஸ்டர்ல இருக்கிற சின்ன ஏஜென்சி, அவையளோட நேரடிக் கொன்ட்ராக்ட், சைன் வச்சது, மணித்தியாலத்துக்கு 16 பவுண்ஸ். மற்றது அப்வேர்க் எண்ட ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில பிடிச்ச ஒரு அமெரிக்க ஆள், அதுவும் மணித்தியாலக் கணக்குத்தான்.

இப்ப மன்செஸ்டர்காரர் ஒரேயடியா மூண்டு ஸ்டோரைத் தூக்கித் தந்திட்டினம், நவம்பர் கடைசியில வாற ப்ளாக் ஃப்ரைடே சேலுக்கு முதல் எல்லாம் ஓடோணுமாம். ஒராள் நித்திரை கொள்ளாம இருந்தாலும் முடியாது. இல்லை எண்டு சொல்லவும் பயமா கிடக்கு, ஒருக்கா இல்லை எண்டா அடுத்த முறை வேற ஆளைத்தான் தேடுவினம். மட்டக்களப்பில தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இருக்கிறான், கெம்பஸ் கடைசி வருஷம், பிஎச்பி கோட் என்னை விட நல்லாவே எழுதுவான். அவனுக்கு மணித்தியாலத்துக்கு 2000 ரூவா குடுக்கலாம் எண்டு யோசிச்சன், அவனுக்கும் சந்தோசம்.

கொன்ட்ராக்ட எடுத்து வாசிச்சுப் பாத்தன். 9ம் பந்தியில "அசைன் பண்ணக்கூடாது" எண்டு கிடக்கு, ஆனா சப்கொன்ட்ராக்ட் எண்ட சொல்லு முழு டொகியுமென்டிலயும் எங்கயும் இல்லை. அப்ப சப்கொன்ட்ராக்ட் ஓகேயோ? கிளையன்ட்டுக்கு சொல்லோணுமோ, இல்லாட்டி வேலை நல்லா இருந்தா சரிதானோ? இன்னொண்டு, 16 பவுண்ஸ் வாங்கி 2000 குடுக்கிறது அநியாயமோ எண்டும் மனசுக்குள்ள ஓடுது. இன்னும் ஒண்டும் துவங்கேல்ல, துவங்க முதல் கேக்கிறன்.

கொட்டாஞ்சேனை_மச்சான்:

மச்சான் இதெல்லாம் கேட்டுட்டு செய்ற விசயமா. எல்லாரும் செய்றாங்க, அந்த ஏஜென்சியே அவன் கஸ்டமர்கிட்ட அம்பது பவுண்ஸ் வாங்கிட்டுதான் உனக்கு 16 தாறான், அவன் உன் பேரை கஸ்டமருக்கு சொல்லியிருப்பான்னு நினைக்கிறியா? வேலை நேரத்துக்கு போகுதா, பக் இல்லையா, அவ்வளவுதான் அவனுக்கு வேணும். வாய மூடிட்டு செய்.

புதுக்கடை_ஜூனியர்:

மேல சொன்னது பாதி சரி. ஏஜென்சியும் அதைத்தான் செய்யுது எண்டது உண்மையா இருக்கலாம், ஆனா அவை தங்கட கஸ்டமரோட என்ன எழுதியிருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. தம்பி என்ன எழுதிச் சைன் வச்சிருக்கிறார் எண்டதுதான் இங்க கேள்வி.

அசைன் வேற, சப்கொன்ட்ராக்ட் வேற. அசைன் எண்டா கொன்ட்ராக்ட்டையே தூக்கி இன்னொராளின்ர கையில குடுத்திட்டு நீ விலகிறது. சப்கொன்ட்ராக்ட் எண்டா பொறுப்பு முழுக்க உன்னிலயே இருக்கும், வேலைய மட்டும் இன்னொராள் செய்யுறார். அதால 9ம் பந்தி மட்டும் உன்னைத் தடுக்கும் எண்டு சொல்லேலாது. ஆனா அதைப் பாத்திட்டு துள்ளிக் குதிக்காத, ஏனெண்டா சட்டம் இன்னொரு கேள்வியும் கேக்கும்: கிளையன்ட் இந்த வேலைய உன்ர கைக்காகத் தந்தவரோ, இல்லாட்டி வேலை முடிஞ்சாச் சரி எண்டு தந்தவரோ? பழைய ஆங்கிலேய வழக்கு ரெண்டு இருக்கு, லோ படிக்கிற ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். ரொப்சன் எதிர் ட்ரமண்ட், 1831. ஒரு குதிரை வண்டிய அஞ்சு வருசத்துக்கு வாடகைக்கு எடுத்து, வண்டிக்காரரே பெயின்ட் அடிச்சுத் திருத்தித் தாறதெண்டு ஒப்பந்தம். இடையில அவர் தொழிலை விட்டு விலகி பங்காளிய விட்டார், எடுத்தவர் "நான் உம்மை நம்பித்தான் எடுத்தனான், எனக்கு இவர் வேண்டாம்" எண்டார், கோர்ட்டும் எடுத்தவரின்ர பக்கம்தான் நிண்டது. பிறகு 1880ல பிரிட்டிஷ் வாகன் கொம்பனி எதிர் லீ, இது ரயில் வாகன் திருத்துற வேலை. அதில திருத்திறது ஆர் எண்டது முக்கியமில்லை, தொழில் தெரிஞ்ச ஆர் செய்தாலும் சரி எண்டு முடிஞ்சுது. எங்கட ரோமன் டச்சு சட்டத்திலயும் இதே யோசனை இருக்கு, ஆளைப் பாத்துத் தெரிவு செய்த ஒப்பந்தம் எண்டா ஆளை மாத்தேலாது.

உன்ர வேலை இதில எந்தப் பக்கம் விழும்? ரெடிமேட் தீம் போட்டு புரடக்ட் ஏத்திறது வாகன் திருத்திறது மாதிரித்தான். ஆனா உன்ர போர்ட்ஃபோலியோவப் பாத்து, உன்னோட ஸூம்ல கதைச்சு, "நீர்தான் வேணும்" எண்டு எடுத்திருந்தா வண்டிக்கார வழக்குக்குக் கிட்டப் போயிடும்.

இப்ப நீ பாக்காம விட்ட பந்தியளைப் பார். அனேகமா எல்லாக் கொன்ட்ராக்டிலயும் கொன்ஃபிடென்ஷியலிட்டி எண்டு ஒண்டும், புலமைச்சொத்து எண்டு ஒண்டும் இருக்கும். முதலாவதில "மூண்டாம் ஆளுக்கு வெளிப்படுத்தக்கூடாது" எண்டு இருந்தா, அந்தத் தம்பிக்கு லொகின் குடுத்த அண்டைக்கே அது மீறல், சப்கொன்ட்ராக்ட் எண்ட சொல்லு இருக்கோ இல்லையோ. ரெண்டாவது இன்னும் மோசம். இங்கிலாந்து சட்டம் எண்டு போட்டிருப்பினம், அந்தச் சட்டத்தில, 1988ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கோட் எழுதின ஆள்தான் முதல் உரிமையாளர், வேலைக்கு வச்ச ஊழியர் எண்டால் மட்டும்தான் முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்சர் ஊழியர் இல்லை. உரிமை கை மாறோணும் எண்டா எழுத்தில, சைனோட இருக்கோணும். அப்ப மட்டக்களப்புத் தம்பி எழுதின கோட் அவன்ர. அவன் உனக்கு எழுதித் தராட்டி உன்னிட்ட இல்லாத ஒண்டை நீ மன்செஸ்டருக்கு "இந்தா உங்கட" எண்டு சைன் வச்சுக் குடுக்கிறாய். வேலை நல்லா இருந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. நாளைக்கு அந்த ஸ்டோரை ஆரும் வாங்க வந்து, கோட் ஆற்ற எண்டு கேட்டா அப்பதான் இது வெளிய வரும்.

அதால அவனோட ஒரு பக்கமாவது எழுது. ஈமெயில்ல எண்டாலும் பரவாயில்லை, இங்க 2006ம் ஆண்டு 19ம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கு, மின்னஞ்சல்ல செய்த ஒப்பந்தம் எண்டதுக்காக மட்டும் செல்லாது எண்டு தள்ளேலாது. எழுதி வச்சா இன்னொரு லாபமும் இருக்கு, எங்கட காலவிதிப்புச் சட்டத்தில எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருசம், வாய்ப்பேச்சுக்கு 3 வருசம்தான்.

தெமட்டகொட_நானா:

மிச்சம் நல்லா சொல்லிட்டாங்க மேல. நான் வேற பக்கத்தால வாறன், எனக்கு சின்ன டீம் ஒண்டு இருக்கு, நான் குடுக்கவும் செய்றன், வேற ஆக்கள்ட இருந்து எடுக்கவும் செய்றன்.

அந்த ஸ்டோர்ல கஸ்டமர்ட பேர், அட்ரஸ், ஃபோன் நம்பர், என்ன வாங்கின எல்லாம் இருக்குமே. இங்கிலாந்து ஆக்கள்ட டேட்டா. யூகே ஜீடிபிஆர், அதாவது அங்கத்த தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டம், 28ம் ஆர்டிகல்ல தெளிவா சொல்ற, ப்ரொசெசரா (மற்ற ஆளுக்காக டேட்டாவ கையாளுற ஆளா) இருக்கிற ஆள் இன்னொரு ப்ரொசெசர சேக்கிறதெண்டா கன்ட்ரோலர்ட (டேட்டாவ என்ன செய்றண்டு முடிவெடுக்கிற ஆள்ட) எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேணும். ரெண்டாவது ஆள் பிழை விட்டா மொத்தப் பொறுப்பும் முதல் ஆள்ட தலையிலதான். இங்க தம்பி, நீங்கதான் அந்த முதல் ஆள். அதனால கொன்ட்ராக்ட்ல சொல் இருக்கா இல்லையாண்டு தேடுறதுக்கு முந்தி, அந்தப் பையனுக்கு உண்மையிலே லைவ் டேட்டாபேஸ் தேவையாண்டு பாருங்க. தொண்ணூறு வீதம் வேலைக்கு தேவையே இல்ல. ஸ்டேஜிங் சைட் (வெளிய காட்டாம சோதிச்சு பாக்கிற நகல் சைட்) ஒண்டு போட்டு, ஓடர் கஸ்டமர் டேபிள் எல்லாத்தையும் துடைச்சிட்டு டம்மி ஓடர் கொஞ்சம் போட்டு குடுங்க. அவருக்கு தனி யூசர், தனி பாஸ்வேர்ட். உங்கட அட்மின் பாஸ்வேர்ட வாட்ஸப்ல அனுப்புற வேலைய மட்டும் செய்ய வேணாம், நம்மட ஆக்கள் எல்லாரும் செய்ற ஒரே பிழை அதுதான்.

அடுத்த விசயம் கிட், அதாவது கோட்ல யாரு எப்ப என்ன மாத்தினண்டு பதிஞ்சு வைக்கிற சிஸ்டம். மறைச்சு செய்றண்டு சொல்ற ஆக்கள் இத யோசிக்கிறதே இல்ல. கொமிட் போட்டா, அதாவது ஒரு மாற்றத்த அதுல பதிஞ்சா, பேரும் ஈமெயிலும் விழும். அவர்ட பேர்ல விழுந்தா கிளையன்ட் "இது யாரு"ண்டு கேப்பான், உங்கட பேர்ல அவர் போட்டா நீங்க செய்யாத வேலைக்கு உங்கட பேர்ல ரெகார்ட் உருவாக்குறீங்க. வாய மூடிக்கிட்டு இருக்கிற வேற, எழுத்துல பொய் வைக்கிற வேற. கொட்டாஞ்சேனை தம்பி கோவிக்க வேணாம், நீங்க சொல்ற "வாய மூடிட்டு செய்" அங்கதான் முறியும்.

அந்தப் பையன் நல்ட் பிளகின் பாவிப்பானாண்டும் கேட்டு வைங்க. காசு குடுத்து வாங்க வேண்டிய பிளகின எங்கயோ ஓசில இறக்கி போட்டுட்டா, உள்ளுக்கு என்ன மெல்வெயார் இருக்கிண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், சைட் ஹேக் ஆனா மன்செஸ்டர்காரன் மட்டக்களப்புக்கு கோல் எடுக்க மாட்டான்.

அப்வேர்க் வேலைய பத்தி நீங்க கேக்கல்ல, ஆனா சொல்றன். அத தொடவே வேணாம். மணித்தியால கொன்ட்ராக்ட்ல அவங்கட ட்ரெக்கர் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஸ்க்ரீன்ஷொட் எடுக்கும், அது நீங்கதான் இருந்து செஞ்சீங்கண்டதுக்கு சாட்சி. அந்தப் பையன் உங்கட எக்கவுன்ட்ல ஏறினா அது எக்கவுன்ட் ஷெயரிங், எக்கவுன்ட் போயிரும், ரிவியூ எல்லாம் சேத்து போயிரும். ஆள் சேத்து செய்ற எண்டா ஏஜென்சி எக்கவுன்ட் எண்டு அவங்களே வச்சிருக்கிறாங்க, அத திறந்து கிளையன்ட்டுக்கு தெரிய செய்ங்க.

ஹட்டன்_டிசைனர்:

நான் அந்த மட்டக்களப்பு தம்பி இருக்கிற இடத்துல இருந்து சொல்றேங்க, ஏன்னா இங்க எல்லாருமே குடுக்கிறவங்க பக்கத்துல இருந்துதான் பேசுறீங்க.

கொழும்புக்கு வந்த புதுசுல ஒருத்தர்கிட்ட லோகோ, பேனர் வேலைய ரொம்ப நாள் எடுத்து செஞ்சேன். பேர் வேணாம். அவருக்கு கிளையன்ட் வெளிநாட்டுல. மார்ஜின் எவ்வளவுன்னு எனக்கு தெரியும், அதுல எனக்கு கோவமே இல்ல. கிளையன்ட புடிச்சது அவரு, ராத்திரி பதினோரு மணிக்கு கோல் பேசுறது அவரு, காசு வராட்டி அலையிறதும் அவரு. 16 பவுண்ஸ் வாங்கி 2000 ரூபா குடுக்கிறது கூடவா கொறையவான்னு கேட்டா, கொஞ்சம் கொறைவுதான், மூணுல ஒரு பங்கு கூட வரல்ல. ஆனா அதுவே அநியாயம்னு சொல்ல மாட்டேன். உள்ளூர்ல ஒரு இன்டர்னுக்கு என்ன குடுக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும்.

அநியாயம் வேற எடத்துல இருக்கு. "கிளையன்ட் காசு போட்டதும் தாறேன்". இந்த ஒரு வசனத்தாலதான் நான் வாடகைக்கு கடன் வாங்கினேன். கிளையன்ட் அவருக்கு லேட்டா குடுத்தா அது அவரோட தொழில் ரிஸ்க், அதுக்குத்தானே மார்ஜின் வச்சிருக்காரு? ரிஸ்க எனக்கு தள்ளிவிட்டுட்டு லாபத்த மட்டும் வச்சுக்கிறதுன்னா எப்பிடிங்க. அப்புறம் ரிவிஷன். கிளையன்ட் ஏழாவது தடவ கலர மாத்த சொன்னா அவரு "சின்ன சேன்ஜ்தானே"ன்னு எனக்கு ஃபோர்வேர்ட் பண்ணுவாரு, அதுக்கு காசு கெடையாது. கிளையன்ட்கிட்ட அதுக்கு பில் போட்டாருன்னு பின்னால தெரிஞ்சுச்சு.

அத விட பெரிய விசயம், அவ்வளவு வேல செஞ்சும் வேல தேடி போகும்போது காட்ட ஒண்ணுமே இல்ல எனக்கு. எல்லாம் அவரு பேர்ல. "ரகசியம்" அப்பிடின்னாரு, கிளையன்ட்டுக்கே நான் இருக்கிறது தெரியாதே, எப்பிடி காட்டுறது. அதனால தம்பி, கிளையன்ட்கிட்ட சொல்லணுமான்னு கேக்குறீங்கல்ல, சொன்னீங்கன்னா அந்த பையனுக்கும் அதுல ஒரு பேர் கெடைக்கும். கெம்பஸ் முடிச்சிட்டு வெளிய வாற பையனுக்கு 2000 ரூபாய விட அதுதான் பெருசு. மறைச்சா அவன் செஞ்சது எல்லாம் காத்தோட போகும்.

புதுக்கடை_ஜூனியர்:

ஹட்டன் அக்கா சொன்னதில "கிளையன்ட் காசு போட்டாப் பிறகு" எண்ட விசயத்துக்கு ஒண்டு சேர்க்கிறன். கிளையன்டுக்கும் மட்டக்களப்புத் தம்பிக்கும் இடையில ஒப்பந்தம் ஒண்டும் இல்லை. அவன் மன்செஸ்டரிட்ட நேராக் காசு கேக்கேலாது, மன்செஸ்டர் அவனிட்ட நேரா வேலை கேக்கவும் ஏலாது. ரெண்டு பக்கத்துக்கும் நடுவில நிக்கிற ஆள் வெள்ளவத்தைதான், ரெண்டு பக்க அடியும் அங்கதான் விழும். அதால சம்பளத் திகதிய கிளையன்ட்டோட கட்டாம, வேலை ஒப்படைச்சு இத்தனை நாள் எண்டு எழுதுறதுதான் நேர்மை. சின்னத் தொகைக்குப் பிரச்சினை வந்தா இங்க புதுக்கடைக் கோர்ட்டுக்கு ஓடி வர முதல் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டி வரும், அங்க ஒரு வாட்ஸப் ஸ்க்ரீன்ஷொட்டை விட ஒரு பக்க ஒப்பந்தம் எவ்வளவோ மேல்.

கணக்கு_அக்கா:

ஒருத்தரும் வரியைப் பற்றிக் கதைக்கேல்ல, வழமைதான்.

தம்பி, உமக்கு பவுண்ஸ்ல பேங்குக்கு வாற காசு 2025 ஏப்ரல் 1ல இருந்து வரிக்குள்ள வந்திட்டுது, முந்தின விலக்கு இல்லை. வெளிநாட்டுக்குச் செய்யுற சேவை, வெளிநாட்டுக் காசாப் பேங்குக்கால வந்தா அதிகபட்சம் 15%. வருசத்துக்கு 18 லட்சம் வரை தனிநபர் விடுவிப்பு இருக்கு. இதில நீர் மட்டக்களப்புக்குக் குடுக்கிற காசை செலவாக் கழிக்கலாம், ஆனா கையில எண்ணிக் குடுத்திட்டு வந்து "குடுத்தன்" எண்டு சொன்னாச் சரிவராது. பேங்க் ட்ரான்ஸ்ஃபர், அவரின்ர இன்வொய்ஸ், ரெண்டும் வேணும். அவருக்கு டின் நம்பர் (வரி செலுத்துறவரின்ர அடையாள இலக்கம்) இல்லாட்டி எடுக்கச் சொல்லும், ஒன்லைன்ல எடுக்கலாம், கொம்பனித்தெரு இறைவரித் திணைக்களம் வரைக்கும் வர வேண்டியதில்லை.

மாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஒராளுக்குச் சேவைக் கட்டணம் குடுத்தா 5% பிடிச்சு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டோணும், சொஃப்ட்வெயார் டெவலப்பர் அந்தப் பட்டியல்ல பேர் சொல்லியே இருக்கு. மணித்தியாலத்துக்கு 2000 எண்டா மாசம் 50 மணித்தியாலம் தாண்டினவுடன அந்த எல்லை வந்திடும், மூண்டு ஸ்டோர் எண்டா நிச்சயம் தாண்டும். பிடிச்ச காசுக்கு அவருக்கு சேர்டிஃபிகேட் குடுக்கோணும், அவர் தன்ர வரியில கழிச்சோ திருப்பிக் கேட்டோ எடுப்பார்.

இன்னொரு நுணுக்கம். உமக்கு 15% எல்லை இருக்கு, அவருக்கு இல்லை. அவர் உம்மிட்ட ரூவாவில வாங்கிறார், அது உள்நாட்டு வருமானம், சாதாரண வீதம்தான். இப்ப கெம்பஸ்ல இருக்கிறபடியா 18 லட்சத்துக்குள்ள நிப்பார், பிரச்சினையில்லை. பிறகு கூட உழைக்கத் துவங்கினா இது உறைக்கும். வரி ரிட்டர்ன் குடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30, மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை_கோடர்:

நன்றி எல்லாருக்கும், இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. கொன்ட்ராக்ட திருப்பி வாசிச்சன், புதுக்கடை அண்ணை சொன்ன மாதிரி 6ம் பந்தியில கொன்ஃபிடென்ஷியல் விசயங்களை "எந்த மூண்டாம் தரப்புக்கும்" காட்டக்கூடாது எண்டு அப்பிடியே கிடக்கு. அப்ப கேக்காமச் செய்யேலாது. இப்பிடி ஒரு மெயில் எழுதினன், சரியோ எண்டு பாருங்கோ (இங்கிலீசில அனுப்புவன், இங்க தமிழில போடுறன்):

"மூண்டு ஸ்டோரும் திகதிக்குள்ள முடிக்க எனக்கு உதவிக்கு ஒராள் தேவைப்படலாம். நான் தொடர்ந்து பொறுப்பா இருப்பன். உங்களுக்கு ஆட்சேபனை இருந்தா சொல்லவும், இல்லாட்டி அடுத்த கிழமை துவங்குறன்."

தெமட்டகொட_நானா:

கடைசி வசனத்த வெட்டுங்க. "ஆட்சேபனை இருந்தா சொல்லவும்" எண்டா பதில் வராட்டி அனுமதிண்டு அர்த்தமில்ல, அவங்க மெயில பாக்காம விட்டா நீங்க அனுமதி இல்லாமத்தான் துவங்கி இருப்பீங்க. "எழுத்துல ஓம் எண்டு சொன்னாத்தான் துவங்குவன்" எண்டு போடுங்க. "உதவிக்கு ஒராள்" எண்டும் மொட்டையா எழுத வேணாம். கிளையன்ட் கேக்கிறது எப்பவும் ரெண்டுதான்: யார் அந்த ஆள், எங்கட டேட்டாவ பாப்பாரா. அதுக்கு முன்னுக்கே பதில் குடுத்திருங்க. இன்ன பேர், இலங்கையில, கோட் மட்டும் எழுதுவார், ஸ்டேஜிங்ல மட்டும், லைவ் டேட்டா காட்ட மாட்டன், எல்லா கோடையும் நான் ரிவியூ செஞ்சித்தான் ஏத்துவன், ரகசியம் காக்கவும் உரிமைய மாத்தி தரவும் அவர்ட சைன் இருக்கும். அந்தப் பையன்ட பேர போட முந்தி அவர்ட்டயும் கேளுங்க.

ரேட்ட பத்தி ஒரு சொல்லும் எழுத வேணாம். நீங்க அவருக்கு எவ்வளவு குடுக்கிற எண்டது அவங்களுக்கு தேவையில்லாத விசயம்.

கொட்டாஞ்சேனை_மச்சான்:

ம்ம் கிட் விசயம் நான் யோசிக்கல்ல. ஆனா சொன்னா ரேட்ட குறைக்க சொல்லுவான் பாரு.

வெள்ளவத்தை_கோடர்:

பதில் வந்திட்டுது. ரெண்டு ஸ்டோருக்கு ஓம், தம்பிய ஒருக்கா வீடியோ கோல்ல காட்டச் சொல்லிச்சினம், ரேட்டைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மூண்டாவதுக்கு இல்லை எண்டிட்டினம், அந்தக் கஸ்டமர் மருந்து விக்கிற ஆக்களாம், அவையளோட ஏஜென்சி போட்ட கொன்ட்ராக்டிலயே வேலை செய்யுற ஆக்களின்ர பேர் லிஸ்ட் இருக்காம், அதில என்ர பேர் மட்டும்தான் இருக்காம். எனக்கே இது இப்பதான் தெரியும். அதை நான் தனிய செய்யுறதெண்டும் ஜனவரிக்குத் தள்ளுறதெண்டும் முடிவாகியிருக்கு.

தம்பிக்கு 2000ஐ 2500 ஆக்கியிருக்கிறன், வேலை ஒப்படைச்சு 14 நாளுக்குள்ள காசு எண்டு எழுதியிருக்கிறன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம், அவன் இந்த ரெண்டு ஸ்டோரையும் தன்ர போர்ட்ஃபோலியோவில போடலாமோ எண்டு கேக்கிறான், அதுக்கும் மன்செஸ்டரிட்ட திருப்பிக் கேக்கோணுமோ?

புதுக்கடை_ஜூனியர்:

கேக்கோணும். 6ம் பந்தி அதுக்கும் பொருந்தும். ஸ்டோர் லைவ் ஆன பிறகு கேளும், அப்ப அது ஊருக்கே தெரிஞ்ச சைட், பெரும்பாலும் மாட்டன் எண்ணாயினம். இந்த முறையும் மெயில்லயே கேளும், கோல்ல வேண்டாம்.